அம்மா பார்க்காத ஆட்டம்

ஆசிய நாடுகளின் பெண்கள் கால்பந்துப் போட்டி கோழிக்கோட்டில் நடந்தபோது நான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே, சேரப்பணஞ்சேரியில். அந்தத் தடவை இந்தியா ஒன்றுக்கு இரண்டு அணிகளை இறக்கியது. ஒரே அணியாக இருந்திருந்தால் என்னை யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இரண்டு அணி என்றதும் ஆள் அதிகம் தேவைப்பட்டது. அதில் ஒன்றில், கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரும் ஆட்டக்காரிகளில் ஒருத்தியாக எனக்கு இடம் கிடைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய ஆட்டக்காரி இல்லை.

தாம்பரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே இருந்த பி.டி. டீச்சருக்குக் கால்பந்துப் பைத்தியம். மற்ற பள்ளிகளில் பெண்கள் வளையம் வீசிக்கொண்டிருந்தபோது எங்களை அவர் பந்து உதைக்க வைத்தார். எனக்கு ஓடத் தெரியும், பயம் கிடையாது. அதனால் ரைட் பேக், அதாவது வலது பக்கம் காவல் நிற்கும் இடம். படிப்பு முடிந்த பிறகும் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய் ஆடிவிட்டு வருவேன். டீச்சரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். அது பொய்யும் இல்லை.

அந்த டீச்சர்தான் ஒருநாள் எங்கள் வீடு தேடி வந்தார். தை பிறக்கப் போகிற சமயம். சம்பா அறுப்புக்கு ஆள் பேசிக்கொண்டிருந்தார் அப்பா. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். டீச்சர் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அறுப்பு நேரத்துல பொட்டப் புள்ளைய கேரளாவுக்கா? பந்து ஒதைக்கவா? டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க.”

“இந்தியாவுக்காகங்க” என்றார் டீச்சர்.

“இந்தியாவுல ஆளா இல்ல?”

அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அங்க இன்னா துணை, டீச்சர்? ரூம்புல பொம்பளைங்க யாராச்சும் இருப்பாங்களா?”

“ஒரு மேடம் இருப்பாங்க. மீதி எல்லாம் ஆம்பளைங்கதான்.”

“அப்ப நானும் கூடப் போறேன்” என்றாள் அம்மா.

நைனா அவளைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாமே சொல்ற? அறுப்பு யாரு பாக்கறது? பொங்க வருது.”

“அறுப்பு வருஷா வருஷம் வருது. இத்த மாதிரி எப்ப வரும்? உங்க தங்கச்சிய வரச் சொல்லுங்க, பொங்க வெப்பா.”

இதைச் சொல்லும்போது அம்மாவுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. அதுவரை அவள் போன அதிக தூரம் திருத்தணி. அதுவும் ஆடிக் கிருத்திகைக்கு, ஊரோடு சேர்ந்து. என்மேல் நம்பிக்கை வைத்து அப்படிச் சொன்னாளா, நம்பிக்கை இல்லாமல் காவலுக்குக் கிளம்பினாளா என்று எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும்.

ஆட்டக்காரியின் அம்மாவைக் கூட்டிப் போக அணியில் வழியில்லை. டீச்சர்தான் யாரிடமோ பேசி, தங்குமிடத்தில் பெண்களுக்கு ஒத்தாசையாக இருப்பாள் என்று சொல்லி அனுமதி வாங்கினார். மங்களூர் மெயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, பாலக்காடு தாண்டியதும், “இன்னாடி இது, எங்க பாத்தாலும் பச்சையா கீது. வெயிலே அடிக்காதா இங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

எங்களைத் தங்க வைத்தது ஒரு ஹாஸ்டலில். அணியில் மலையாளிகள், கன்னடப் பெண்கள், தமிழ் பேசுபவர்கள் என்று கலந்து இருந்தார்கள். முதல் நாள் அம்மா ஒரு மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் நாள் காலையில் எங்கள் கோல்கீப்பர், திருச்சூர்ப் பக்கத்துப் பெண், தலை வாரத் தெரியாமல் சீப்போடு மல்லாடிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து போய் சீப்பைப் பிடுங்கி, இரண்டு பின்னல் பின்னி, இறுக்கி முடிந்துவிட்டாள். பிராக்டீஸ் முடிந்து வந்தவள், இவ்வளவு ஓடியும் முடி கண்ணில் விழவே இல்லை என்று எல்லாரிடமும் தலையை ஆட்டிக் காட்டினாள். மறுநாள் அம்மா முன்னால் வரிசை நின்றது. அதற்குப் பிறகு எல்லாருக்கும் அவள் அம்மாதான். கோச் சார்கூட அம்மா என்றே கூப்பிட்டார்.

எங்கள் முதல் ஆட்டத்துக்கு அம்மா வந்தாள். கோழிக்கோட்டுக்காரர்களுக்குக் கால்பந்து என்றால் உயிர் என்று கேள்விப்பட்டிருந்தேன், ஆனாலும் அத்தனை கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் தெரிகிற நிஜாரோடு நாங்கள் அத்தனை ஆண்கள் முன்னால் ஓடி வந்தபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாளாம். ஆனால் யாரும் கேலி பண்ணவில்லை, விசில் அடிக்கவில்லை. நல்ல பாஸ் ஒன்று போனால் வயசான முஸ்லிம் பெரியவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் அம்மா தலையை நிமிர்த்தினாள்.

ஆட்டம் முடிந்து ஹாஸ்டலுக்கு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஏண்டி, எல்லாம் ஆடுதுங்க. நீ மட்டும் ஏன் வெளிய குந்திகினு இருந்த? இன்னா தப்பு பண்ண?”

“தப்பு ஒண்ணும் பண்ணல ம்மா. பதினோரு பேருதான் ஆட முடியும்.”

“அப்ப உன்ன இன்னாத்துக்கு இட்டாந்தாங்க?”

“யாருக்காச்சும் அடிபட்டா நான் எறங்கணும்.”

“அடுத்தவளுக்கு அடிபடணும்னு நம்ப வேண்டிக்கக் கூடாது” என்றாள் அம்மா. சொன்னாளே தவிர, மறுநாள் காலையில் நேராகக் கோச் சாரிடம் போய் நின்றுவிட்டாள். அவருக்குத் தமிழ் நன்றாகவே தெரியும்.

“சார், எம்பொண்ணு தூங்கி எழுந்ததுலேந்து ஓடிகினே கீறா. ராத்திரி படுத்தாகூட காலு ஆடிகினே கீது. கொஞ்ச நேரமாச்சும் வுடுங்க சார்.”

எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. கோச் சார் சிரிக்கவில்லை. “விடுறேன் அம்மா. நேரம் வரும்” என்றார். மற்றப் பெண்கள்தான் இரண்டு நாளைக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலை ஆட்டிக் காட்டினார்கள்.

அடுத்தடுத்த ஆட்டங்களில் அம்மாவுக்குப் பந்தயம் பிடிபட்டுவிட்டது. கயிற்றுக்கு அந்தப் பக்கம், எங்கள் பைகள் வைத்திருக்கும் இடத்தில்தான் உட்காருவாள். எல்லாப் பைகளுக்கும் அவள்தான் காவல். ஒருமுறை எங்கள் பெண் போட்ட கோலை ரெஃபரி இல்லை என்று சொன்னதும் எல்லாரும் கத்தினார்கள். அம்மா மட்டும், “கத்தாதீங்க. அவ முன்னாடியே போயி நின்னுகினு இருந்தா. அதான் ஊதிட்டான்” என்றாள். மேடம் ஆச்சரியப்பட்டு அவளைப் பார்த்தார். ஆஃப்சைடை எங்களில் பாதிப் பேருக்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஆட்டம் இல்லாத ஒருநாள் மற்ற நாட்டு அணிகள் மோதியதைப் பார்க்கப் போயிருந்தோம். அதில் ஓர் அணி, கிழக்கே ஒரு தீவு நாட்டிலிருந்து வந்தது. ரொம்பச் சின்னப் பெண்கள். அவர்களில் ஒருத்தி பந்துக்காக எகிறி, இறங்கும்போது காலை மடக்கி விழுந்தாள். அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் அழவில்லை, வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள்.

சாயங்காலம் அவர்கள் அணியிலிருந்து ஒருவர் எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து மேடத்திடம் பேசினார். எலும்பு முறிவு. பெண்கள் வார்டில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே ஆண்கள் துணைக்கு இருக்கக் கூடாதாம். அவர்கள் அணியோடு வந்த பெரியவர்கள் எல்லாருமே ஆண்கள். கூட ஆடும் பெண்களை விட்டுவைக்கலாம் என்றால் அவர்களும் சின்னவர்கள், அடுத்த ஆட்டத்துக்கு ஆளும் குறைவு. என்ன செய்வது என்று அவர் கேட்க, மேடம் யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அம்மா என்னை இடித்து, “இன்னாவாம்?” என்றாள். நான் சொன்னேன்.

“அந்த விழுந்த பொண்ணா? நான் போறேன்னு சொல்லு.”

“ம்மா, அவளுக்குத் தமிழ் தெரியாது. உனக்கு இங்கிலீஷ் தெரியாது.”

“கால் ஒடஞ்சு கெடக்கறவளுக்குப் பேச இன்னா கீது?” என்று சொல்லிவிட்டு மாற்றுப் புடவையை எடுக்க உள்ளே போனாள்.

மறுநாள் எங்களுக்கு ஆட்டம். காலையில் மேடத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கால் தொடை வரைக்கும் மாவுக்கட்டில் இருந்தது. அம்மா அவளுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

“மத்தியானம் நர்சம்மா ஒருத்தங்க வந்து பாத்துக்கறேன்னாங்க. வந்தா வரேன். வராட்டி இன்னா, நீ எப்டியும் வெளியதானே குந்தப் போற?”

அதில் குத்தல் எதுவும் இல்லை. உள்ளதைத்தான் சொன்னாள். ஆனால் பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அது எனக்கு உறுத்திக்கொண்டே வந்தது.

அன்றைய எதிரணி, ஆசியாவுக்கு வெளியிலிருந்து விருந்தாளியாக வந்த வெள்ளைக்காரப் பெண்கள், எங்களைவிட ஒரு தலை உயரம். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஒரு கோல் முன்னால் இருந்தோம். அப்போது எங்கள் ரைட் பேக்குக்குக் கால் நரம்பு இழுத்துக்கொண்டது. இரண்டு தரம் எழுந்து நொண்டிப் பார்த்தாள், முடியவில்லை. கோச் சார் என் பக்கம் திரும்பி, “ஷூ கட்டு” என்றார்.

எழுந்ததும் நான் பைகள் இருந்த இடத்தைத்தான் பார்த்தேன். பைகள் இருந்தன. அம்மா இல்லை.

உள்ளே போனதும் எனக்கு வந்த முதல் பந்தை விட்டுவிட்டேன். என் இரண்டு காலுக்கும் நடுவில் போய்விட்டது. எதிரணிப் பெண்ணின் காலடிக்குப் போன பந்தை எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து விழுந்து பிடித்தாள். எழுந்து நின்று மலையாளத்தில் என்னைத் திட்டினாள். நல்ல வேளை, எனக்குப் பாதிதான் புரிந்தது. கூட்டம் ‘அய்யோ’ என்றது. என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன.

என் பக்கமாக ஓடி வருபவள் அவர்களிலேயே உயரமானவள். மஞ்சள் முடி. ஒருமுறை என்னைச் சுலபமாகத் தாண்டிப் போனாள். இரண்டாவது முறை வந்தபோது நான் பாயவில்லை. பின்வாங்கிப் பின்வாங்கிக் கோட்டோரம் தள்ளிக்கொண்டே போனேன். அவள் பந்தைச் சற்று நீளமாக விட்டாள். அந்த ஒரு நொடிக்காகத்தான் காத்திருந்தேன். காலை நீட்டினேன், பந்து என்னிடம் இருந்தது. ஆள்மேல் படவே இல்லை.

பந்தை வெளியே உதைத்துத் தள்ளியிருக்க வேண்டும். அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் முன்னால் யாருமே இல்லை. நான் ஓட ஆரம்பித்தேன். கேலரியில் சத்தம் கிளம்பியது. ஏரிக் கலங்கலில் தண்ணீர் விழுகிற மாதிரி விடாத சத்தம். பாதி மைதானம் தாண்டி, வலது ஓரத்திலிருந்து நடுவில் நின்ற எங்கள் முன்வரிசைப் பெண்ணுக்குத் தள்ளினேன். அவள் அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோல் இல்லை. ஆனாலும் கூட்டம் எழுந்து நின்றது.

அவ்வளவுதான் என் சர்வதேச ஆட்டம். நாங்கள் அதே ஒரு கோலில் ஜெயித்தோம். திட்டிய கோல்கீப்பரே வந்து என்னைத் தூக்கினாள். நான் மறுபடியும் பைகள் பக்கம் பார்த்தேன்.

குளிக்காமல், சேறு பட்ட ஜெர்ஸியோடு, மேடத்தைக் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா அந்தப் பெண்ணுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் முகத்தைத் திருப்பி, “வாணா… வாணா…” என்றாள். சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அம்மா என் முழங்காலைப் பார்த்தாள். ஜெர்ஸியைப் பார்த்தாள். கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

“ஆடுனியா?”

“ஆடுனேன். எல்லாரும் பாத்தாங்க. நீ மட்டும்தான் பாக்கல.”

“நர்சம்மா வரலடி. இத்த தனியா வுட்டுட்டு எப்டி வர்றது?”

“உனக்கு யாரோ ஒரு பொண்ணுதான் பெருசா பூட்டா.”

நான் அழுதுவிட்டேன். கட்டிலில் இருந்த பெண் பயந்து போய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னால்தான் ஏதோ நடக்கிறது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் கண்ணும் கலங்கியது. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“இதோட ஆத்தா கடலுக்கு அந்தாண்ட கீறா. புள்ளைக்குக் கால் ஒடஞ்சதுகூட இன்னும் தெரியுமோ தெரியாதோ. நான் இந்தாண்ட கீறேன். நீ நல்லா ஆடிட்டு நடந்து வந்துட்ட. இது நடக்க முடியாம கெடக்குது. நீயே சொல்லு, நான் எங்க இருக்கறது?”

அம்மா துணியை நனைத்து என் முழங்காலில் இருந்த சேற்றைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “சொல்லு. மொதல்லேந்து சொல்லு” என்றாள். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் வற்புறுத்தவில்லை.

எங்கள் அணி கடைசி ஆட்டம் வரை போகவில்லை. அந்தப் பெண்ணை ஊருக்கு அழைத்துப் போகும் வரை அம்மா அவள் கூடவே இருந்தாள். எனக்கு மறுபடி இறங்க வாய்ப்பு வரவில்லை. ரயிலில் திரும்பி வரும்போதுதான் என் கோபம் இறங்கியது. ஈரோடு தாண்டும் வரை அம்மாவுக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் சும்மா கேட்கவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். “அந்த ஒசரமான பொண்ணு எந்தாண்டேந்து வந்தா? நீ எந்தக் காலை நீட்டின? அப்ப கோச் சாரு குந்திகினு இருந்தாரா, நின்னுகினு இருந்தாரா?” சொல்லி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, “இன்னொரு தபா சொல்லு” என்றாள்.

படப்பையில் பஸ் ஏறியதுமே ஊர்க்காரப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். என்ன ஆச்சு, பொண்ணு ஆடினாளா என்று கேட்டார்கள். அம்மா ஆரம்பித்தாள்.

“ஆடுனாளாவா? மொத பந்த வுட்டுட்டா. பைய வுட்டுட்டு எழுந்தே நின்னுட்டேன். அப்புறம் ஒருத்தி வரா பாரு, பன மரத்துல பாதி இருப்பா…”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேரில் பார்த்ததைப் போலவே சொன்னாள். நான் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. நான் சொல்லாததும் இருந்தது: அந்த ஓட்டத்தில் என் பின்னல் எப்படி ஆடியது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்ன சொன்னார் என்றெல்லாம். வீட்டில் நைனா, அத்தை கொண்டுவந்து வைத்த காபியை ஆறவிட்டுக் கேட்டார். முடிந்ததும், “கம்பத்துலயா பட்டுச்சு? சே!” என்று தொடையில் தட்டினார். ஆஸ்பத்திரியைப் பற்றி அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பொண்ணு நிஜாரு போட்டுகினு பந்து ஆடுச்சாமே, கேள்விப்பட்டோம்” என்றார். நைனா தரையைப் பார்த்தார். இந்தச் சம்பந்தம் போச்சு என்று உள் அறையில் நின்றுகொண்டு நான் நினைத்தேன்.

“ஆமாம்மா, ஆடுச்சு. நான் கூடவே போயிருந்தேன்” என்றாள் அம்மா. “எத்தினி ஜனம்ன்றீங்க! ஒரு ஆம்பள ஒரு தப்பான வார்த்த சொல்லல. அன்னிக்கு நம்ப ஆளுங்க ஒரு கோலு முன்னாடி இருந்தாங்க…”

முழுவதும் சொன்னாள். உயரமான பெண் வந்து நான் பின்வாங்குகிற இடத்தில் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்ய ஒரு கணம் நிறுத்தினாள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் சாய்ந்து, “அப்புறம் இன்னா ஆச்சு?” என்றார்.

கல்யாணம் நிச்சயமானது. போய்ச் சேர்ந்த வீட்டில் நான் நன்றாகத்தான் இருந்தேன். ஆட்டம் அதோடு நின்றது. யாரும் தடுக்கவில்லை. அங்கே கூட ஆட ஆளில்லை, அவ்வளவுதான். பிறகு பெரிய ரோட்டோரம் கம்பெனிகள் வர ஆரம்பித்தபோது பேக்கிங் வேலைக்குப் போனேன். அதெல்லாம் வேறு கதை.

மாமியாருக்கு அந்த ஆட்டம் ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. ஒருநாள் இருவரும் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தோம். “உங்கம்மா சொல்றாப்ல யாராலயும் சொல்ல முடியாது. கண்ணால பாத்தவங்க பாத்தவங்கதான்” என்றார். அவரிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அம்மா பார்க்கவில்லை, ஆஸ்பத்திரியில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்குத் துணையிருந்தாள் என்று நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

மாமியார் உடைத்த கடலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கோபப்படுவாரோ என்று பயந்தேன்.

“அட மவராசி” என்றார் கடைசியில். “இது அத்தவிடப் பெரிய சங்கதியாச்சே. இத்த ஏன் எங்க கிட்ட சொல்லல?”

அடுத்த முறை அம்மா வந்தபோது அவரே நேரில் கேட்டுவிட்டார். அம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு சம்பந்தியிடம், கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்:

“அது அந்தப் பொண்ணோட கஷ்டம், சம்பந்தி. அத்த எடுத்தாந்து ஊர்ல சொல்லி நான் பேரு வாங்கறதா? இவ ஆடுனது நம்ப வூட்டு சந்தோசம். அத்த எத்தினி தபா வோணாலும் சொல்லலாம்.”

“அப்ப சொல்லுங்க” என்றார் மாமியார், முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு. “பக்கத்து வூட்டுக்காரி இன்னும் கேக்கல. அவளக் கூப்புடறேன்.”